அரை லிட்டர் வைத்யநாதன்

வைத்யநாதன் குடித்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்டினார் என்று போலீஸ்காரர் சொன்னதும் கனகலக்ஷ்மி சிரித்துவிட்டாள். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. கையிலிருந்த டபராவைக் கீழே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

போலீஸ்காரர் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர். கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் குற்றம் சொல்ல நேர்ந்ததில் அவருக்கே சங்கடம். "சிரிக்கற விஷயம் இல்லேம்மா. கேஸ் நடந்துட்டிருக்கு. மூணு தரம் கூப்பிட்டும் இவர் கோர்ட்டுக்கு வரலே. வாரண்ட் இருக்கு," என்று கன்னடத்தில் சொல்லி, காகிதத்தைக் காட்டினார். பெயர் வைத்யநாதன். தகப்பனார் பெயர் சரி. ஸ்கூட்டர் நம்பரும் சரி. விலாசம் மட்டும் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ். அதனால்தான் சம்மன் எதுவும் இந்த மைசூர் அக்ரஹாரத்து வீட்டுக்கு வந்து சேரவில்லை.

அவள் சிரித்ததில் தப்பே கிடையாது. வைத்யநாதன் இருமல் மருந்தின் லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறவர். ஹோமியோபதி டாக்டரிடம், "இதிலே ஸ்பிரிட் உண்டா ஸ்வாமி?" என்று கேட்டு, உண்டு என்றதும் வயிற்றுவலியோடு வீட்டுக்கு நடந்து வந்தவர். கிறிஸ்துமஸ் கேக்கை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியவர். தெருக்கோடியில் பார் திறந்தபோது நூற்றுப்பதினோரு கையெழுத்து வாங்கிக் கலெக்டருக்கு மனுப் போட்டவரும் அவர்தான். பார் என்னவோ இன்னும் இருந்தது. மனுவின் நகலும் வீட்டில் இருந்தது.

நகல் இல்லாத காகிதமே அந்த வீட்டில் கிடையாது. ரயில்வேயில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ரிடையரானவர். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், கரண்ட் பில்லோ கல்யாணப் பத்திரிகையோ, சிவப்பு மசியில் 'பார்த்தேன்' என்று எழுதி, தேதி போட்டு, 'வை.' என்று இனிஷியல் வைத்து ஃபைலில் கோத்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் பெயரில் வாரண்ட். சிரிக்காமல் என்ன செய்வாள்?

"அப்ப பாஸ்போர்ட்?" என்று கேட்டாள், மூச்சு வாங்கியபடி.

"கேஸ் முடியற வரைக்கும் வராதும்மா."

சிரிப்பு அங்கேயே நின்றது.

பாஸ்போர்ட் எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். கனகலக்ஷ்மிக்கு ஒரு பித்து உண்டு. சோப்போ, பல்பொடியோ, கொசுவத்தியோ, எந்தக் கம்பெனி 'பத்து வார்த்தைக்கு மிகாமல் வாக்கியத்தை முடித்து அனுப்புங்கள்' என்று விளம்பரம் போட்டாலும் விடமாட்டாள். பத்தொன்பது வருஷமாக எழுதினாள். ஆறுதல் பரிசாக வந்த பிளாஸ்டிக் பக்கெட்டுகள் குளியலறையில் வரிசையாக நின்றன. ஹாலில் மூன்று கடிகாரம், மூன்றும் மூன்று நேரம் காட்டின. பரணில் நான்கு பிளாஸ்க். அக்ரஹாரத்தில் அவளுக்கு ஸ்லோகன் மாமி என்று பெயர். சொல்லிவைத்ததுபோல் எல்லாமே ஆறுதல் பரிசுதான். ஆறுதலே வேண்டாம் என்று அலுத்துப்போன நேரத்தில், தொண்ணூற்று நாலாம் வருஷக் கடைசியில், ஹேமகூட் காபித்தூள்காரர்கள் அவளுக்கு முதல் பரிசு தந்தார்கள். சிங்கப்பூரில் ஐந்து நாள். தம்பதியாகத்தான் போக வேண்டும். மார்ச் முடிவதற்குள் போகாவிட்டால் பரிசு இரண்டாவதாக வந்த தாவணகெரேக்காரிக்குப் போய்விடும்.

முதல் பரிசு வாங்கித் தந்த வாக்கியத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. 'ஹேமகூட் காபியை நான் விரும்புகிறேன், ஏனென்றால்...' என்பது கம்பெனி கொடுத்த ஆரம்பம். கனகலக்ஷ்மி கன்னடத்தில் முடித்திருந்தாள். தமிழில் சொன்னால்: 'என் கணவரிடம் இல்லாத சூடும் மணமும் அதில் இருக்கின்றன.' எழுதியபோது சும்மா குறும்புக்கு எழுதியது. அது ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில், அவள் பெயரோடு, கொட்டை எழுத்தில் வரும் என்று கண்டாளா? அன்றைய பேப்பரை அரிசி டின்னுக்கு அடியில் சொருகிவிட்டு, பக்கத்து வீட்டுக் கௌரம்மா வாங்கிப் போனாள் என்று சாதித்துவிட்டாள். அவரும் "ம்" என்றதோடு சரி. பத்தொன்பது வருஷத்தில் அவளுடைய ஒரு வாக்கியத்தையாவது அவர் கேட்டு வாங்கிப் படித்தது கிடையாது. அந்த வருத்தமும் அவளுக்கு உண்டு. அன்றைக்கு மட்டும் அது சௌகரியமாகப் போயிற்று.

போலீஸ்காரர் போனதும், "ஏன்னா, அந்த ஸ்கூட்டரைத்தான் சித்தையனுக்கு வித்தேளே," என்றாள்.

"வித்தேன். ரசீது மூணு காப்பி இருக்கு."

"பேரை மாத்திக் குடுத்தேளா?"

வைத்யநாதன் ஃபைலைப் புரட்டினார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கான படிவம், அவர் கையெழுத்தோடு, சித்தையன் கையெழுத்தோடு, முத்துமுத்தாக நிரப்பி அப்படியே இருந்தது. தேதி இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி.

"அன்னிக்குக் கரிநாள்," என்றார் மெதுவாக. "கரிநாள்ல தேதி போட்டுக் கைமாத்தப்படாதுன்னு, புதன்கிழமை வாடா, போட்டுத் தரேன்னேன். வண்டியை எடுத்துண்டு போனவன் புதன்கிழமை வரலே."

"எந்தப் புதன்கிழமை?"

"எண்பத்தொன்பது."

சித்தையன் ஹனூர்ப் பக்கத்துக்காரன். வருஷா வருஷம் மாசி பிறந்ததும் புளியும் தேனும் கொண்டுவந்து அந்தத் தெருவில் விற்பான். அதற்குப் பிறகும் ஐந்து தடவை வந்தான். புளியை நிறுத்துப் போட்டான், ஊர்க்கதை பேசினான். ஸ்கூட்டரைப் பற்றி அவனும் பேசவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

வக்கீல் லிங்கப்பனுக்குக் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ். கொள்ளேகாலத்துத் தமிழர், மைசூரில் முப்பது வருஷம் இருந்ததில் பாதிப் பேச்சு கன்னடமாகிவிட்டவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பேனா மூடியால் காதைக் குடைந்தார்.

"நோடி சார், பாருங்க, ரெண்டு வழி இருக்கு. நான் அவனில்லைன்னு நிரூபிக்கறது ஒண்ணு. சித்தையனைக் கூப்பிடணும், கையெழுத்தை நிபுணருக்கு அனுப்பணும், டாக்டரைச் சாட்சிக் கூண்டுல ஏத்தணும். தொண்ணூத்தேழு வாக்குல முடிஞ்சிடும்."

"இன்னொண்ணு?" என்றாள் கனகலக்ஷ்மி.

"சார் கோர்ட்ல நின்னு, ஆமா, குடிச்சேன்னு சொல்லிட்டா அன்னிக்கே முடிஞ்சுது. அபராதம் போடுவாங்க. கட்டின ரசீதைக் கொண்டுபோய்க் குடுத்தா பாஸ்போர்ட் பத்து நாள்ல வந்துடும்."

வைத்யநாதன் நாற்காலியில் நிமிர்ந்தார். "குத்தம் பண்ணலேன்னு சொல்ற வரைக்கும் நான் வெளிநாடு போகப்படாது. பண்ணினேன்னு சொல்லிட்டா போகலாமா?"

"அதேதான் சார். கேஸ் நிலுவையில இருந்தா நீங்க ஓடிப்போயிடுவீங்கன்னு சர்க்காருக்கு பயம். தண்டனை முடிஞ்சுபோச்சுன்னா, நீங்க எங்க ஓடினா யாருக்கு என்ன?"

"குடிக்காதவன் குடிச்சேன்னு எப்படி ஸ்வாமி சொல்றது?"

"வாயாலதான் சார்."

வைத்யநாதன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். முடியாது என்றார். சர்க்கார் ரிக்கார்டில், அவர் பெயருக்கு எதிரே, அவரே ஒப்புக்கொண்டதாக அப்படி ஒரு வார்த்தை ஏறுவதற்கு இந்த ஜன்மத்தில் இடமில்லை என்றார். மாடிப்படி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு இறங்கினார்.

கனகலக்ஷ்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டாள். "உங்களுக்கு உங்க பேரு பெரிசு. எனக்கு என்ன இருக்கு? ரெண்டு டஜன் பக்கெட். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்துலே உங்க ரயில்வே பாஸ்ல திருப்பதி, மெட்ராஸ், திரும்பவும் திருப்பதி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பேர்ல ஒரு டிக்கெட் வந்திருக்கு."

அவர் ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இந்த மனிதரிடம் பேசுவதும் மூன்று கடிகாரத்திடம் மணி கேட்பதும் ஒன்றுதான் என்று அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். அழுகை வந்தது. அழுதாள். பிறகு, அழுது என்ன ஆகப்போகிறது என்று முகத்தைக் கழுவிக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தாள்.

மண்டியில் சொல்லி அனுப்பிய நாலாம் நாள் சித்தையன் வந்தான், தோளில் புளி மூட்டையோடு. வைத்யநாதன் அப்போது லைப்ரரிக்குப் போயிருந்தார். கனகலக்ஷ்மி மோரைக் கொடுத்து உட்காரவைத்து, விஷயத்தைச் சொன்னாள். அவன் துளியும் பதறவில்லை.

"அதுங்களா அம்மிணி, அது தொண்ணூத்திமூணு தசராவுங்க. மாமன் மவன் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தோமுங்க. கொஞ்சம் போட்டுக்கிட்டேன், பொய் சொல்லலீங்க. பாலத்துக்கிட்ட போலீஸ்காரரு நிறுத்திப்போட்டாரு. பேரென்னன்னாரு. வண்டிப் புஸ்தகத்தை எடுத்துக் குடுத்தனுங்க. அவரு அதைப் பார்த்து வைத்யநாதன்னு எழுதிப்போட்டாரு. எழுதினதை அடிச்சுத் திருத்துங்கன்னு போலீஸ்காரருகிட்டச் சொல்ல முடியுங்களா?"

"நன்னாருக்குடா. நீ குடிச்சே, அவர் மாட்டிண்டார்."

"சாமி பேருக்குக் கெட்ட பேருன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடியாந்திருப்பனுங்க. இப்ப என்ன பண்ணோணும், சொல்லுங்க."

அந்த 'சொல்லுங்க'வில்தான் யோசனை பிறந்தது. கோர்ட் ஃபைலில் இருப்பது சித்தையனின் கிறுக்கல் கையெழுத்து. டாக்டர் பார்த்தது சித்தையனை. போலீஸ்காரர் பிடித்ததும் அவனைத்தான். அந்த வைத்யநாதன் இவன்தானே? இவனே போய் நின்று, 'ஆமாங்க, குடிச்சேன்' என்று சொன்னால் அதில் பொய் எங்கே இருக்கிறது? பெயரில் மட்டும் கொஞ்சம்.

லிங்கப்பனிடம் இதைச் சொன்னபோது அவர் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டார். "இது என் காதுல விழல மேடம். ஆள்மாறாட்டத்துக்கு நான் உடந்தைன்னு ஆச்சுன்னா என் கோட்டைக் கழட்டிடுவாங்க. வர்ற வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வைத்யநாதன்னு கூப்பிடுவாங்க. ஆஜர்னு யார் வந்து நிக்கறாரோ அவர்தான் எனக்கு வைத்யநாதன். நான் தலையைத் தூக்கியே பார்க்கமாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலையில் கௌரம்மா வீட்டில் அப்பளம் இடப்போவதாகச் சொன்னாள். வைத்யநாதன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றார். அப்பளத்துக்கு யார் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள் அந்த மனிதருக்கு, என்று அவளுக்கு அப்போதும் கோபம்தான் வந்தது.

பத்தரைக்குச் சித்தையன் கோர்ட் வாசலில் இருப்பதாக ஏற்பாடு. பத்தே முக்காலுக்கும் வரவில்லை. பதினொன்றுக்கு மாஜிஸ்திரேட் வந்து உட்கார்ந்தார். இளவயதுப் பெண்மணி, மூக்குக்கண்ணாடி, முகத்தில் தூக்கமின்மை. கனகலக்ஷ்மி பின் பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடு திருடியவன், லைசென்ஸ் இல்லாதவன், பக்கத்து வீட்டுச் சுவரை இடித்தவன் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆயிற்று. லிங்கப்பன் சொன்னபடியே குனிந்த தலை நிமிராமல் இருந்தார்.

"வைத்யநாதன்," என்று சேவகர் வாசலில் நின்று கூவினார்.

யாரும் வரவில்லை. வாசலில் ஒரு நாய்தான் படுத்திருந்தது.

"வைத்யநாதன்," இரண்டாம் தடவை.

கனகலக்ஷ்மி பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் இல்லையென்றால் மறுபடி வாரண்ட், மறுபடி வாய்தா, மார்ச் போய்விடும். தாவணகெரேக்காரி புதுச்செருப்பு வாங்கக் கிளம்பிவிடுவாள். அவளைப் பார்த்ததே இல்லை. இருந்தாலும் அந்த நிமிஷம் அவளைப் பிடிக்கவே இல்லை.

"வைத்யநாதன்."

"ஆஜர்."

குரல் வாசலிலிருந்து வரவில்லை, பின்னாலிருந்த வராந்தாக் கதவிலிருந்து வந்தது. சித்தையன் குரல் இல்லை. முப்பத்திரண்டு வருஷமாக "ம்" என்று கேட்டுக்கேட்டுப் பழகிய குரல். திரும்பிப் பார்த்தாள். வெள்ளை வேஷ்டி, கோட்டு, நெற்றியில் விபூதி, கக்கத்தில் ஃபைல். வைத்யநாதன் அவளைப் பார்க்காமல் நேராக நடந்துபோய்க் கூண்டில் ஏறினார். லிங்கப்பன் அப்போதுதான் தலையைத் தூக்கினார். உடனே மறுபடி குனிந்துகொண்டார்.

மாஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்த்தார், விபூதியைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். பேச்சு கன்னடத்தில் நடந்தது.

"குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக உங்கள் மேல் குற்றச்சாட்டு. என்ன சொல்கிறீர்கள்?"

வைத்யநாதன் தொண்டையைச் செருமினார். "ஆமாம். குடித்தேன்."

"யாராவது பயமுறுத்திச் சொல்லச் சொன்னார்களா?"

"இல்லை. நானாகத்தான்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாஜிஸ்திரேட்டுக்கு என்னவோ உறுத்தியது. "என்ன குடித்தீர்கள்?"

வைத்யநாதன் விழித்தார். மனுவில் 'மதுபானம்' என்று பதினேழு இடத்தில் எழுதியவர். அதில் என்னென்ன வகை உண்டு என்று அவருக்குத் தெரியாது. சினிமா போஸ்டரிலோ எங்கேயோ படித்தது கைகொடுத்தது. "பிராந்தி."

"எவ்வளவு?"

அவர் வாழ்க்கையில் அளந்து வாங்கிய பானம் பால் ஒன்றுதான். "அரை லிட்டர்," என்றார்.

கோர்ட்டே நிமிர்ந்து உட்கார்ந்தது. சுவரை இடித்தவன் எட்டிப் பார்த்தான். சேவகர் கைகூப்பாத குறை.

"அரை லிட்டரா? தண்ணீர் கலந்தா?"

"கலப்படம் செய்கிற வழக்கமில்லை," என்றார் வைத்யநாதன், கொஞ்சம் ரோஷத்தோடு.

"இந்த வயதில் அரை லிட்டர் பிராந்தியைத் தண்ணீர் இல்லாமல் குடித்துவிட்டுப் பாலம் வரை ஸ்கூட்டர் ஓட்டினீர்களா? எங்கே குடித்தீர்கள்?"

தெருக்கோடி பார் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல நாக்கு வரவில்லை. "வீட்டில்."

"வீட்டில் மனைவி இல்லையா?"

"இருக்கிறாள். அதோ."

எல்லோரும் திரும்பினார்கள். கனகலக்ஷ்மி பட்டுப்புடவையோடு எழுந்து நின்றாள். மாஜிஸ்திரேட் குரலை இறக்கி, "நீங்கள் எடுத்துச் சொல்வதில்லையா அம்மா?" என்று கேட்டார்.

"சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போயிற்று. கேட்டால்தானே?"

"எவ்வளவு வருஷமாக?"

"முப்பத்திரண்டு வருஷமாக."

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அபராதம் போட்டார். கூடவே, கோர்ட் கலையும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் தண்டனை போட்டார். "உங்கள் மனைவியின் முகத்தைப் பார்த்தாவது இனிமேல் குறைத்துக்கொள்ளுங்கள்," என்றார்.

"கட்டாயம்," என்றார் வைத்யநாதன்.

இருவரும் பின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கனகலக்ஷ்மி பையிலிருந்து ஆறுதல் பரிசு பிளாஸ்க்கை எடுத்துக் காபியை ஊற்றி நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

"அப்பளம் இட்டாச்சா?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"சித்தையன் அன்னிக்கே லைப்ரரிக்கு வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போனான். நீ சொல்லிக்குடுத்ததையும் சொன்னான். சரி, அவன் பாத்துப்பான்னு பின் வராந்தாவிலே நின்னுண்டிருந்தேன். ரெண்டு தடவை கூப்பிட்டும் அவனைக் காணோம். உன் முதுகைப் பார்த்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "பத்தொன்பது வருஷமா நீ பத்துப்பத்து வார்த்தையா எழுதறே. நான் ரெண்டு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான்."

அவள் கோர்ட்டில் அழக்கூடாது என்று பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குச் சித்தையன் வந்தான். சலவை வேஷ்டி, சந்தனப் பொட்டு, வாசல்படியிலேயே "ஆஜருங்க" என்ற முழக்கம். சேவகர் விரட்டுவதற்குள் கனகலக்ஷ்மி கையைக் காட்டி அவனைக் கூப்பிட்டுப் பெஞ்சில் உட்காரவைத்தாள். பக்கத்தில் வந்ததும் வாடை அடித்தது. வைத்யநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னடா இது, இன்னிக்குமா?" என்றாள் கனகலக்ஷ்மி.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. குடிச்ச கேசுக்கு வாசனையே இல்லாமப் போய் நின்னா நம்புவாங்களான்னு ரோசனை வந்துருச்சு. ஒரே ஒரு கால் பாட்டில்தானுங்க. அப்புறம் பஸ்ஸு போயிருச்சு."

வைத்யநாதன் ஃபைலைத் திறந்தார். ஸ்கூட்டர் படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்து, பேனாவைத் திறந்து, காலி இடத்தில் தேதியைப் போட்டார்.

"இன்னிக்கு என்ன நாள்னு பாத்தேளா?" என்றாள் அவள்.

"கரிநாள். காலண்டர்ல பாத்துட்டுத்தான் வந்தேன்." மசி உலர ஊதினார். "இருக்கட்டும்."

படிவத்தைச் சித்தையன் கையில் கொடுக்கும்போது ஃபைலிலிருந்து ஒரு பேப்பர்த் துண்டு நழுவிக் கனகலக்ஷ்மியின் மடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர். ஹேமகூட் காபி. அவள் பெயர். 'என் கணவரிடம் இல்லாத சூடும் மணமும்' என்ற வரிக்கு அடியில் அடிக்கோல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு. ஓரத்தில் 'பார்த்தேன்', போன டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியே, 'வை.'

அப்படியானால் அவருக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டுதான் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க வந்து நின்றார். தெரிந்துகொண்டுதான் கூண்டில் ஏறினார். அவள் அந்தத் துண்டை மடித்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி, எடுத்த இடத்திலேயே கோத்தார். கோர்ட் கலைய ஐந்து மணி ஆயிற்று. மூன்று பேரும் அதுவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தண்டனைக்கு, ஒருத்தி துணைக்கு, ஒருவன் தெளிவதற்கு.

விஷயம் ஊரில் பரவாமல் இருக்குமா? சுவரை இடித்தவன் அக்ரஹாரத்துக்காரன். மறுநாளே 'அரை லிட்டர் வைத்யநாதன்' என்று பெயர் விழுந்துவிட்டது. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் நாலு பேர், "நம்ம கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கலாமா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். அவர் தெருக்கோடியைத் தாண்டிப் போகும்போது பார்க்காரர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். வைத்யநாதன் பதிலுக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். சென்ற மாதம்வரை அந்தப் பக்கம் திரும்பாமல் போனவர்.

மார்ச் இருபத்தாறாம் தேதி மெட்ராஸில் விமானம் ஏறினார்கள். மேலே எழும்பியதும் வைத்யநாதன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஸ்தோத்திரம் சொன்னார். கனகலக்ஷ்மி கண்ணாடியோடு மூக்கை ஒட்டிவைத்துக் கடலைப் பார்த்தாள். பணிப்பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, குடிக்க என்ன வேண்டும் என்று அவரைக் கேட்டாள். வண்டி நிறைய பாட்டில்.

"அரை லிட்டர் கேளுங்கோ. அதான் அபராதம் கட்டியாச்சே," என்று அவர் காதில் சொன்னாள் கனகலக்ஷ்மி.

"சும்மா இரு," என்றார். ஆனால் சிரித்தார். இரண்டு பேருக்கும் ஆரஞ்சுச் சாறு வாங்கினார். தம்ளரை மட்டும் வழக்கப்படி ஒரு தடவை மோந்து பார்த்துக்கொண்டார்.

எதிர் சீட்டின் பையில் வழுவழுப்பான புத்தகம் ஒன்று இருந்தது. கனகலக்ஷ்மி புரட்டினாள். கடைசிப் பக்கத்தில், இங்கிலீஷிலும் சீனத்திலும் தமிழிலும் அச்சடித்து, வெட்டியெடுக்கப் புள்ளிக்கோடு போட்டு ஒரு கட்டம். 'எங்கள் விமானத்தில் பறப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால்...' பத்து வார்த்தைக்கு மிகாமல்.

"பேனாவைக் குடுங்கோ," என்றாள்.

மடக்கு மேஜையை இறக்கி, யோசிக்காமல் எழுதினாள். 'பக்கத்து சீட்டில், எனக்காக அரை லிட்டர் குடித்த, குடிக்காத மனிதர் இருக்கிறார்.' விரல்விட்டு எண்ணினாள். ஒன்பது. பத்தொன்பது வருஷப் பழக்கம். ஒரு வார்த்தையை வீணாக்க மனசு வரவில்லை. முன்னால் இருந்த கொஞ்சம் இடத்தில் 'என்' என்று நெருக்கி எழுதினாள்.

"என்ன எழுதறே?" என்றார் வைத்யநாதன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

அவள் கையால் மூடிக்கொண்டாள். "அச்சுல வரட்டும். அப்பறமா பார்த்து இனிஷியல் போடுங்கோ."